குடமிளகாய் நாற்று

உபதேசியார் மூன்றாவது டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறும்போதுதான் பவுலினா அதைக் கவனித்தாள்.

முதல் இரண்டும் அதற்குள் அப்பாவின் தலைமாட்டுக்குப் போய்விட்டிருந்தன. துருப்பிடித்த டால்டா டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் குடமிளகாய் நாற்று. நாற்றின் தூரை ஒட்டி, ஈர மண்ணில் அழுத்திக் குத்தப்பட்ட மெழுகுவர்த்தி. காற்று வரும்போதெல்லாம் சுடர் சாய்ந்து இலையைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தது.

"வெளக்குத் தண்டெல்லாம் கோயில்ல பூட்டிக் கெடக்குது. சாவி சாமியார் கையில. அவரு வர மூணு மணி ஆயிரும்," என்றார் உபதேசியார் பிரகாசம், யாரிடம் என்றில்லாமல். "நல்ல வேள, வாசல்ல இது இருந்துச்சு. மண்ணு ஈரமா இருக்குதா, வத்தி ஆடாம நிக்குது."

"பீடத்துல வெச்சாப்பல இருக்குது ஐயா," என்றாள் அடுத்த வீட்டு லூர்தம்மாள்.

பவுலினா எழுந்திருக்கப் பார்த்தாள். லூர்தம்மாள் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"எங்க எந்திரிக்கற? ஒக்காரு தாயீ. அப்பன் மூஞ்ச நல்லாப் பாத்துக்கோ. இன்னிக்கு விட்டா எப்பப் பாப்ப?"

பவுலினா பார்த்தது டப்பாவை.

அவளைத் தப்பாக நினைக்க வேண்டாம். பெற்ற அப்பன் நீட்டிப் படுத்திருக்கையில் இவள் செடியைப் பார்க்கிறாளே என்று யாருக்கும் தோன்றும். அவளுக்கே தோன்றியது. தோன்றியதும் கண்ணை இழுத்து அப்பாவின் முகத்தில் வைத்தாள். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். பல்வலி வந்தவரைப் போல இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் தானாக மறுபடி டப்பாவுக்குப் போனது. நான்காவதும் ஐந்தாவதும் ஆறாவதும் கால்மாட்டுக்கு வந்துவிட்டன.

மெழுகு உருகி இலைமேல் வழிந்து வெள்ளையாக உறைந்தது.

அப்பா ஜெபதுரை விடியற்காலை நாலு நாலரைக்குப் போய்விட்டார். எழுந்து வெளியே போய்வந்தவர், நெஞ்சைத் தடவிக்கொண்டே பாயில் உட்கார்ந்து, "கொஞ்சம் சுடுதண்ணி வெய்யி பவுலி" என்றார். அடுப்பு பற்றவே நேரம் பிடித்தது. ஆவணி மாதத் தூறலில் விறகெல்லாம் நமுத்திருந்தது. தண்ணீரோடு அவள் வந்தபோது அவர் சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். தம்ளரை நீட்டிக்கொண்டு, "அப்பா, புடி" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். மூன்றாவது முறை சொல்லவில்லை.

முதல் பஸ்ஸுக்கு ஓசூர் போய், அங்கிருந்து பெங்களூர் போய், அவளுடைய அண்ணனுக்குச் சேதி சொல்ல ஆள் போயிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பு என்று முடிவாயிற்று. இதையெல்லாம் முடிவு செய்தவர்கள் மற்றவர்கள். அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு ஒன்று: இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அந்த நாற்றின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடலாம். பவுலினாவின் புருஷன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியோடு இருந்துவிட்டான். இவள் பெங்களூரில் ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் வீட்டில் நாலு வருஷம் சமையல்கட்டில் வேலை செய்தாள். அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது இவள் அப்பாவிடம் திரும்பினாள். கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, இரண்டு சேலை, காகிதத்தில் மடித்த குடமிளகாய் விதை. காய் நறுக்கும்போதெல்லாம் விதையை எடுத்து நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி வைத்திருந்தாள். பெங்களூர் மார்க்கெட்டில் அந்தக் காய்க்கு என்ன கிராக்கி என்பது அவளுக்குத் தெரியும். கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் அவள்தானே.

போன வருஷம் பாத்தியில் தூவினாள். ஒரே மழையில் அழுகிப்போயிற்று. இந்த வருஷம் டீக்கடை டப்பா, பால்மாவு டப்பா, உடைந்த சட்டி, கொட்டாங்குச்சி என்று கிடைத்ததிலெல்லாம் மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, ஒன்றில் ஒரு விதை. மழை வந்தால் தாழ்வாரத்துக்குள், வெயில் வந்தால் வாசலுக்கு. தொண்ணூற்றாறு நாற்று தேறியது.

"இதென்ன காயி? உள்ள வெறும் காத்து," என்பார் ஜெபதுரை. "காத்த வெல குடுத்து வாங்குவானா பெங்களூர்க்காரன்?"

"வாங்குவான். நீ நெலம் மட்டும் கேட்டுக் குடு."

இருபது வருஷமாகத் தாம் உழைத்த நிலத்தின் சொந்தக்காரர் திம்மராயனிடம் போய் அவர் கேட்டார். கிணற்று மேட்டுக்குக் கீழே ஒரு துண்டு, எட்டு வரிசை பிடிக்கும். விளைச்சலில் பாதி பேச்சு. திம்மராயன் சரி என்றார். ஆனால் அவர் மச்சான் மாதப்பனுக்கும் அந்தத் துண்டின்மேல் கண். "சனிக்கிழமைக்குள்ள நட்டா நீ நடு, ஜெபதொரெ. இல்லாங்காட்டி மாதப்பன் பீன்ஸ் போடறேங்கறான்" என்று சொல்லிவிட்டார்.

நாற்றோ இதற்கு மேல் பொறுக்காத நிலையில் இருந்தது. டப்பாக்களின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும் நடுவது என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் நாள் வைத்தார்கள்.

பத்து மணிவாக்கில் பவுலினா முகம் கழுவுவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். பந்தல் போட வந்தவர்கள் மற்ற டப்பாக்களையெல்லாம் தெற்குச் சுவரோரமாக ஒதுக்கித் தள்ளியிருந்தார்கள். நேர் வெயில். இலைகள் நனைந்த துணி மாதிரித் தொங்கின. அவள் அண்டாவிலிருந்து சொம்பில் மொண்டு ஒவ்வொன்றாக ஊற்றினாள்.

"ஏனம்மா," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. நஞ்சம்மா. பக்கத்துத் தெருக்காரி, கன்னடம் பேசுகிற வீடு; குடமிளகாய் அவளுக்குத் தொண்ணெ மெணசு. காலையிலிருந்து வேலிக்கு வெளியே நின்றுதான் அழுதுகொண்டிருந்தாள். சாவு வீட்டுப் படி ஏறினால் குளிக்காமல் மாட்டிடம் போக முடியாது. "குளிப்பாட்டற தண்ணிய எடுத்து தொண்ணெ மெணசுக்கு ஊத்தற? யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"வெயில்ல காயுது நஞ்சக்கா."

"காயட்டும். இன்னிக்கு ஒரு நாளு காஞ்சா என்னா?"

பவுலினா அடுத்த டப்பாவுக்குச் சொம்பைச் சாய்த்தாள். நஞ்சம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, வேலியில் காய்ந்த தன் பழைய கோணிச் சாக்கை உருவி இந்தப் பக்கம் எறிந்தாள். "மேல போட்டு மூடு. மூடிட்டு உள்ள போயி அழு. அழாம நிக்கறேன்னு ஏற்கெனவே பேசிக்கறாங்க."

உள்ளே போனாள். அழுகை வரவில்லை. உட்கார்ந்தால் கால் துடித்தது. எழுந்தால் லூர்தம்மாள் பிடித்து இழுத்தாள். ஜெபமாலை ஐந்தாவது பத்துக்கு வந்தபோது அவள் கை மணியை உருட்டிக்கொண்டிருந்தது, வாய் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தது, மனம் சுவரோரத்தில் நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று அளந்துகொண்டிருந்தது.

அண்ணன் பாக்கியராஜ் ஒரு மணிக்கு வந்தான். தொழிற்சாலைக் காக்கி உடுப்போடு அப்படியே வந்திருந்தான். வாசலிலேயே "அப்பா!" என்று விழுந்தான். அவன் அழுததைப் பார்த்து ஊரே அழுதது. பவுலினா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவன் கேட்டான்:

"நல்லாத்தான இருந்தாரு? நேத்து என்ன வேல செஞ்சாரு?"

"குழி வெட்டுனாரு."

"என்ன குழி?"

"நாத்துக்கு."

அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். சொல்லாமல் விட்டது இது: அவர் போன வாரமே எல்லாக் குழியையும் வெட்டி முடித்திருந்தார். புதன்கிழமை இவள் போய்ப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஆழம் பத்தாது. வேர் எறங்காது. இன்னொரு நாலு வெரக்கட வெட்டு" என்றாள். அடி மண் கெட்டி, சுக்கான் மண். புதனும் வியாழனும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

"செரி, வுடு," என்றான் பாக்கியராஜ். "நீ இங்க தனியா இருக்க முடியாது. என்னோட வந்துரு. உங்கண்ணி ஆரோக்கியசெல்விக்கும் ஏழு மாசம். நீ வந்தா அவளுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அவனுடைய வீடு ஒற்றை அறை. பவுலினா ஒரு முறை பதினைந்து நாள் அங்கே இருந்திருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதைக் கேட்காமலிருக்க, இருட்டும்வரை தெருக்குழாயடியில் நின்றிருப்பாள். அண்ணன் கெட்டவன் இல்லை. அண்ணியும் கெட்டவள் இல்லை. ஆனால் அங்கே அவள் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும், "அது வேணாம், இத எடு" என்று ஒரு குரல் வரும்.

"பாக்கலாம்ணா," என்றாள்.

"பாக்கறதுக்கு என்ன இருக்குது?"

இரண்டு மணிக்குத் திம்மராயன் வந்தார். பெரிய சம்பங்கி மாலை. பின்னால் மாதப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மாலையை வைத்துவிட்டுத் திம்மராயன் ஜெபதுரையின் காலைத் தொட்டார். அது எல்லோரும் பார்த்து ஆச்சரியப்பட்ட விஷயம். பிறகு பந்தலின் கீழ் பெஞ்சில் உட்கார்ந்தார். பாக்கியராஜ் அவர் முன்னால் போய் நின்றான். பவுலினா கதவோரம் வந்து நின்றுகொண்டாள்.

"இருவது வருசம்ப்பா," என்றார் திம்மராயன். "ஒரு நாளு, 'முடியாது கவுடரே'ன்னு சொன்னதில்ல உங்கப்பன்."

"ஆமாங்க."

"தங்கச்சி?"

"நான் கூட்டிட்டுப் போயிடறேங்க. அந்த நெலத்துண்டு ஏதோ கேட்டிருந்தாராமே. அத நீங்களே வெச்சுக்கோங்க கவுடரே. இனி யாரு பாக்கறது?"

மாதப்பன் கட்டியிருந்த கையைப் பிரித்தான். "குழியெல்லாம் மூடி ஏர் ஓட்டணும். நாளைக்கே மாடு பூட்டலாம் மாமா."

"இருடா. மொதல்ல மனுசன அடக்கம் பண்ணலாம். கல்லறையிலேருந்து வந்து பேசிக்கலாம்," என்றார் திம்மராயன்.

பவுலினாவின் கை கதவின் நாதாங்கியைப் பிடித்திருந்தது. அதை அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கிணி கிணி என்று சத்தம் வந்து, உள்ளே யாரோ, "அதாரு?" என்றார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உழுதது கணக்கில்லை, எரு கொட்டியது கணக்கில்லை, வேலி போட்டதும் குழி வெட்டியதும் கணக்கில்லை. ஆனால் பச்சையாக ஒன்று மண்ணில் வேர் பிடித்து நின்றுவிட்டால், அது யார் நட்டதானாலும், அறுப்பு வரை நிலத்துக்காரனும் அதில் கை வைக்கமாட்டான். ஒரு வருஷம் கூலிப் பெண்கள் வரப்பு மாறிப்போய், திம்மராயனுடைய ராகி நாற்றையெல்லாம் அவர் பங்காளி வயலில் நட்டுவிட்டார்கள். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருந்தும் பங்காளி ஒரு பயிரைத் தொடவில்லை. கார்த்திகையில் திம்மராயன் ஆள்விட்டு அறுத்துக்கொண்டு போனார். அந்த ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிற கதை அது.

கல்லறையிலிருந்து வந்து பேசிக்கலாம் என்றார். அப்படியானால் அவர்கள் வருவதற்குள்.

சாமியார் வந்தார். கோயில் சவப்பெட்டி வந்தது. உபதேசியார் அவசர அவசரமாக மெழுகுவர்த்திகளைப் பிடுங்கினார். இரண்டு டப்பாவில் வர்த்தியோடு நாற்றும் வேரறுந்து வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காமல் சன்னல் வழியாக வெளியே போட்டார். மற்ற நாலையும் யாரோ காலால் ஓரம் தள்ளினார்கள். பவுலினா அப்பாவின் பெட்டிமேல் விழுந்து பிடித்துக்கொண்டாள். அதுவும் பொய்யில்லை. ஒரு நிமிஷம் அவளுக்கு நாற்று, நிலம், சனிக்கிழமை எதுவுமே ஞாபகமில்லை. அவர் சட்டையில் வியர்வையும் பீடியும் கலந்த அந்த வாடை இன்னும் இருந்தது. பிறகு அவளைப் பிரித்து எடுத்தார்கள்.

கோயிலில் மந்திரிப்புச் செபம். இரண்டு மூன்று வருஷம் முன்புவரை லத்தீனில் இருந்த செபமெல்லாம் இப்போது தமிழில். சொல்வது புரிந்ததால் பெண்கள் கூடுதலாக அழுதார்கள். மந்திரிப்பு முடிந்ததும் ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். பெண்கள் கோயில் வாசலோடு திரும்பிவிட வேண்டும், அங்கே அதுதான் பழக்கம். திரும்பி வீட்டைக் கழுவ வேண்டும், குளிக்க வேண்டும்.

"நான் கெணத்துக்குப் போயிக் குளிச்சுட்டு வர்றேன்க்கா," என்றாள் பவுலினா.

"வூட்லயே குளியேன்," என்றாள் லூர்தம்மாள்.

"அண்டாவுல தண்ணி இல்ல." அது உண்மைதான். அவள்தான் எல்லாவற்றையும் நாற்றுக்கு ஊற்றியிருந்தாள்.

கூடையில் பன்னிரண்டு டப்பாக்களை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறமாக இறங்கினாள். நிலம் கூப்பிடு தூரம்தான். வேலி முடுக்கில் நஞ்சம்மா வழிமறித்தாள்.

"நில்லு. எங்க போற?"

"தெரிஞ்சே கேக்கறியேக்கா."

"அய்யோ தேவரே! சாவு வூட்டுக் கையோட செடியத் தொட்டா எல்லாம் கருகிப்போயிரும்மா. பேடா, வேணாம், சொன்னாக் கேளு. மூணு நாளு போவட்டும்."

"மூணு நாள்ல அங்க பீன்ஸ் மொளச்சிருக்கும்."

"அண்ணன் அடிப்பான்."

"அடிக்கட்டும்."

"உங்க கோயில்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"மெழுகுவத்தி குத்தும்போது ஒண்ணும் சொல்லலியே."

நஞ்சம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பவுலினாவின் கையைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்பாவைத் தொட்டுக்கொண்டிருந்த கை.

"செரி. கூடைய எறக்கு. மொதல்ல தலைக்கு ஊத்து. ஊத்தாம ஒரு எலையக்கூடத் தொட வுடமாட்டேன்."

கிணற்றடித் தொட்டியில் நேற்று இறைத்த தண்ணீர் பாதிக்கு இருந்தது. பவுலினா சேலையோடு உட்கார்ந்தாள். நஞ்சம்மா எட்ட நின்று குடத்தால் ஊற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மலைக்காற்று அடித்தது. பவுலினாவின் பல் தந்தியடித்தது.

"இப்பத் தொடு," என்றாள் நஞ்சம்மா. "நான் போயி மிச்சத்த எடுத்துட்டு வர்றேன். நானும் குளிக்கத்தான போறேன், எல்லாம் ஒண்ணா முடிச்சுக்கறேன்."

ஈரச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பவுலினா முதல் குழியின் முன் குந்தினாள். குழி ஆழமாக, சுத்தமாக இருந்தது. அடியில் எருவும் மேல்மண்ணும் கலந்து போட்டிருந்தார். டப்பாவை எடுத்து, நாற்றின் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் கொடுத்து, உள்ளங்கையால் மண்ணைத் தாங்கிக் கவிழ்த்தாள். அடியில் ஒரு தட்டு. வேரும் மண்ணும் டப்பாவின் உருவத்திலேயே முழுசாக வந்து கையில் உட்கார்ந்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் வீண்போகவில்லை. அப்படியே குழியில் இறக்கி, டப்பாவில் எந்த மட்டத்தில் நின்றதோ அந்த மட்டத்துக்கு மண் தள்ளி, இரண்டு பெருவிரலாலும் அழுத்தினாள். அடுத்தது.

நஞ்சம்மா கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்கினாள். வரும் வழியில் ஆமணக்கு இலைகளைப் பறித்து, நட்ட நாற்றுக்கு மேலே குச்சி ஊன்றிக் குடை மாதிரிக் கவிழ்த்தாள்.

"வெள்ளக்காரன் மெணசுக்குக் கொடை பிடிக்கறேன் பாரு," என்றாள். "காய் வந்தா ஒண்ணு குடு. என்னதான் இருக்குதுன்னு பாக்கறேன்."

"உள்ள வெறும் காத்துதான்க்கா," என்றாள் பவுலினா. சொன்ன பிறகு அது யாருடைய பேச்சு என்று தெரிந்து, கை ஒரு நொடி நின்றது. மறுபடி ஓடியது.

ஐந்து வரிசை. ஆறு. கல்லறைப் பக்கமிருந்து கோயில் மணி நிறுத்தி நிறுத்திக் கேட்டது. பெட்டியை இறக்குகிறார்கள். அவள் நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு மணி ஓயும்வரை உட்கார்ந்திருந்தாள். நஞ்சம்மாவும் அசையவில்லை. பிறகு, "ஆவட்டும்," என்றாள் நஞ்சம்மா மெதுவாக.

ஏழு வரிசை முடிந்தது. மாடு கத்துகிறது என்று நஞ்சம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எட்டாவது வரிசையில் ஐந்து குழி ஆழமாக இருந்தது; அவற்றிலும் நட்டாள். ஆறாவதில் பாதி. அதற்குள் மண்வெட்டி குத்திட்டு நின்றது. அதற்குப் பிறகு உள்ளவை போன வாரம் வெட்டியபடியே, மேலோட்டமாக.

வியாழக்கிழமை அவர் இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார். மண்வெட்டியை வீட்டுக்குக் கொண்டுவராமல் அவர் ஒரு நாளும் வந்ததில்லை.

பவுலினா பிடியைப் பிடித்தாள். இழுத்தாள். கெட்டி மண்ணில் நன்றாக இறங்கியிருந்தது. ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து, பாதிக் குழியை வெட்டி முடித்தாள். ஏழாவதை வெட்டினாள். சுக்கான் கல்லில் பொறி பறந்தது. தோள்பட்டையிலிருந்து நெஞ்சுவரை ஒவ்வொரு வெட்டும் அதிர்ந்தது. எட்டாவது.

"பவுலினா!"

வரப்பில் ஆண்கள் நின்றிருந்தார்கள். கல்லறையிலிருந்து கிணற்றில் குளிக்க வந்தவர்கள். முன்னால் திம்மராயன். அவருக்குப் பின்னால் மாதப்பன். பக்கத்தில் சிவந்த கண்ணோடு பாக்கியராஜ். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துவிட்டு, கிணற்றுப் பக்கம் நழுவினார்கள்.

"என்ன பண்ணிட்டிருக்கற நீ? ஊரு சிரிக்கணுமா?" என்றான் பாக்கியராஜ்.

திம்மராயன் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். வரிசைக்கு நடுவில் மெதுவாக நடந்து வந்தார். ஓரிடத்தில் குனிந்து ஆமணக்கு இலையைத் தூக்கிப் பார்த்தார். பவுலினா மண்வெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் கை நாற்றின் தண்டுக்குப் போனது. தொட்டு, லேசாக இழுத்துப் பார்த்தார். நாற்று வரவில்லை. இலையைப் பழையபடி மூடினார்.

"அப்பன் மேல போட்ட மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள நட்டுட்ட," என்றார்.

"வேரு வெளிய வந்துருச்சுங்க கவுடரே. நாளைக்கு வரைக்கும் தாங்காது."

"ஹூம்."

மாதப்பன் வரப்பிலிருந்தே சொன்னான்: "மாமா, இதெல்லாம் இன்னிக்கு நட்டது. வேர் புடிக்கவேல்ல. இப்பச் சொன்னா எடுத்துக்குவாங்க."

திம்மராயன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூடையில் மிச்சம் இருந்த டப்பாக்களைப் பார்த்தார்.

"இன்னும் எத்தன?"

"ஏழு குழி இருக்குது. நாத்து அஞ்சுதான். ரெண்டு போயிருச்சு."

அவர் மேற்கே பார்த்தார். சானமாவுக் காட்டுக்கு மேல் வெளிச்சம் கொஞ்சம்தான் இருந்தது.

"பொழுது போவுது. நட்டு முடி," என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறி, "வாடா மாதப்பா" என்று சொல்லி, கிணற்றடிக்குப் போனார்.

பாக்கியராஜ் மட்டும் நின்றான்.

அவள் மறுபடி வெட்டத் தொடங்கினாள். ஒன்பதாவது குழி. அவன் கேட்டான்: "அப்பா கேட்டாரா இதெல்லாம்?"

"இல்ல. நாந்தான் கேட்டேன்."

"ஏன் ஆழமா வெட்டற? அதான் குழி இருக்குதே."

"இது பத்தாது." மண்வெட்டி நின்றது. "பத்தாதுன்னு நாந்தான் அவருகிட்டச் சொன்னேன். எல்லாத்தயும் ரெண்டாவது தபா வெட்டச் சொன்னேன். முந்தாநேத்தும் நேத்தும்."

அவன் வரிசைகளைப் பார்த்தான். ஒன்று, இரண்டு என்று கண்ணாலேயே போய், கடைசி வரிசைக்கு வந்து, அவள் கையிலிருந்த மண்வெட்டியில் வந்து நின்றான். காக்கிக் கால்சட்டையை முட்டிவரை மடித்துவிட்டுக்கொண்டு நிலத்துக்குள் இறங்கினான். அவள் கையிலிருந்த மண்வெட்டியை அவன் வாங்கவில்லை. காலியாகக் கிடந்த டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனான்.

அவள் கடைசி ஐந்து நாற்றையும் இறக்கினாள். மெழுகு உறைந்த இலைகளைச் சீவிவிட இப்போது நேரமில்லை. மண்ணைத் தள்ளி அழுத்திக்கொண்டிருக்கும்போது அவன் ஓடி வந்தான். டப்பாவின் அடியில் ஆணி ஓட்டைகள். உள்ளங்கையால் அடைத்துப் பிடித்திருந்தான். அப்படியும் விரலிடுக்கு வழியாக ஒழுகிக்கொண்டே வந்தது. பாதித் தண்ணீர்தான் மிஞ்சியது. அவசரமாக நாற்றின் தலைக்கு மேலே கவிழ்க்கப் போனான்.

"தண்டுல ஊத்தாதண்ணா," என்றாள் பவுலினா. "சுத்தி, ஓரமா."

அவன் அவள் பக்கத்தில் குந்தினான். டப்பாவைக் குழியோரம் தாழ்த்திப் பிடித்து, அடியிலிருந்த கையை மெல்ல எடுத்தான்.